சென் கோங் என்றொரு மனுஷர்!

மூன்று ராஜ்ஜியங்கள் காலத்துச் சீனக் கதைகளில் ஊறிப்போன யாரைக் கேட்டாலும் குவான் யூ என்பார்கள், ஜூகே லியாங் என்பார்கள். தாராளமாகச் சொல்லட்டும். என்னைக் கேட்டால் ஒரே பேர்தான்: சென் கோங்! லூ பூவின் போர் ஆலோசகர். அந்தப் பேரை யாராவது எடுத்துவிட்டால் போதும், அன்றைக்கு எனக்கு வேறு பேச்சே கிடையாது.

முதலில் அந்த லூ பூவைக் கண்முன் நிறுத்துங்கள். சிவப்பு முயல் என்று பேர் பெற்ற குதிரை, கையில் பிறை வைத்த ஈட்டி. மூன்று ராஜ்ஜியங்கள் நாவலில் லியூ பெய், குவான் யூ, சாங் ஃபெய் மூன்று பேரும் சேர்ந்து வளைத்தும் சாய்க்க முடியாத ஆள். அதோடு, நம்பிச் சேர்த்துக்கொண்ட எஜமானர் டிங் யுவானையும் கொன்றவன், அப்புறம் அடுத்த எஜமானர் டோங் ஜுவோவையும் கொன்றவன். இப்படிப்பட்டவன் பக்கத்தில் நிற்கவே நமக்கெல்லாம் உதறும். அவன் பக்கத்தில் போய் நின்று, பிரபுவே, இப்படிச் செய்யுங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் சென் கோங்!

அவர் ஒன்றும் போக்கிடம் இல்லாமல் வந்தவர் இல்லை. லூ பூவின் எதிரியான போர்ப்பிரபு சாவ் சாவுக்கு யான் மாகாணம் கிடைக்கப் பாடுபட்டவரே அவர்தான். 194இல் சாவ் சாவ் ஷூ மாகாணத்தின் மேல் படையெடுத்துப் போன நேரம் பார்த்து, சாங் மியாவோ என்ற அதிகாரியோடு சேர்ந்து லூ பூவை உள்ளே அழைத்துவந்தார் பாருங்கள், மாகாணமே கவிழ்ந்தது! சாவ் சாவ் கையில் மிஞ்சியது மூன்றே மூன்று கோட்டங்கள்.

பூயாங் சண்டையை நாவலில் படிக்கும்போது நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. உள்ளூர்ப் பணக்காரர் பேரில் ஒரு பொய்க் கடிதம், சென் கோங்கின் யோசனை, சாவ் சாவ் அதை நம்பி ராத்திரியில் நகருக்குள் நுழைகிறான், நான்கு வாசலிலும் தீ! கற்பனை செய்து பாருங்கள், புகை, அலறல், எரிந்து விழும் உத்தரங்கள், அதற்கு நடுவே லூ பூ குதிரையில் வந்து ஒருவனுடைய தலைக்கவசத்தை ஈட்டியால் தட்டி, சாவ் சாவ் எங்கே என்று கேட்கிறான். கேட்டது சாவ் சாவிடமேதான்! அவன் முகத்தை மறைத்துக்கொண்டு, அதோ மஞ்சள் குதிரையில் போகிறான் என்று கை காட்ட, லூ பூ அந்தப் பக்கம் பாய்கிறான். ஐயோ, அவன்தான், பிடி பிடி என்று நான் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

எதிரி முகாமின் ஷூன் யோ, சென் கோங்குக்கு அறிவு உண்டு, ஆனால் மந்தம் என்று எடைபோட்டாராம். இருந்துவிட்டுப் போகட்டும். சாவ் சாவ் லூ பூவை வளைத்த ஷியாபி முற்றுகைக்கு வாருங்கள், 198இன் கடைசி. சென் கோங் சொன்ன திட்டம் என்ன? நீங்கள் குதிரைப்படையோடு வெளியே பாளையம் போடுங்கள், நான் கோட்டையைக் காக்கிறேன், உங்களை அடித்தால் நான் பின்னாலிருந்து பாய்வேன், கோட்டையை அடித்தால் நீங்கள் வெளியிலிருந்து பாயுங்கள், தூரத்திலிருந்து வந்தவர்களுக்குச் சோறு தீர எத்தனை நாள் ஆகும்? எவ்வளவு அழகு! லூ பூவும் சரி என்கிறான், கிளம்பவும் பார்க்கிறான், மனைவி தடுக்கிறாள், உட்கார்ந்துவிடுகிறான். போய்யா, எழுந்து போய்யா என்று புத்தகத்தைப் பிடித்து உலுக்கினேன். அவன் போகவில்லை. சாவ் சாவ் ஆறுகளை வெட்டித் திருப்பிவிட, தண்ணீர் கோட்டைக்குள் ஏறுகிறது, மாதக்கணக்கில் முற்றுகை, கடைசியில் சொந்தத் தளபதிகளே சென் கோங்கைப் பிடித்து எதிரியிடம் ஒப்படைக்கிறார்கள்.

இப்போது ஷியாபியின் வெள்ளை வாசல் கோபுரம். 199இன் தொடக்கம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எனக்கு இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. பிடிபட்ட அந்த மகா வீரன் லூ பூ, கட்டு இறுகுகிறது, தளர்த்துங்கள் என்று கெஞ்சுகிறான், உங்களுக்கே வேலை செய்கிறேன் என்கிறான், லியூ பெய் பழைய இரண்டு எஜமானர்களின் கதியை நினைவூட்ட, அத்தோடு அவன் விதி முடிவாகிறது. சென் கோங்? சாவ் சாவுக்கு அவரைக் கொல்ல மனமே இல்லை, வழி திறந்துதான் கிடக்கிறது, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பணிவாகச் சொன்னால் உயிர் மிஞ்சும். உன் அறிவெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, இவன் என் பேச்சைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று லூ பூவைக் காட்டுகிறார். உன் தாயார் கதி என்ன என்று அசைத்துப் பார்க்கிறான் சாவ் சாவ். தாய் தந்தையைப் போற்றி நாடாள்பவன் அடுத்தவன் பெற்றோருக்குத் தீங்கு செய்யமாட்டான், அது உன் கையில், என் கையில் இல்லை என்று பதில் வருகிறது. என்ன மனுஷர் ஐயா! கெஞ்சவும் இல்லை, அதே சமயம் அம்மாவைக் காப்பாற்றியும் விட்டார்! அப்புறம் தானாகவே கொலைக்களத்துக்கு நடக்கிறார், திரும்பியே பார்க்கவில்லை, சாவ் சாவ் அழுகிறான், நானும் அழுதேன், விம்மி விம்மி அழுதேன், துடைத்துக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து படித்து மறுபடியும் அழுதேன். அந்தத் தாயாரை சாவ் சாவ் கடைசிவரை பராமரித்தான், மகளுக்குக் கல்யாணமும் செய்துவைத்தான்.

சொன்னதைக் கேட்கிற தலைவனுக்கு விசுவாசமாக இருப்பது பெரிய காரியமா? கேட்காதவனுக்காகக் கோட்டையைக் காத்து, அவன் தப்பை அவன் முகத்துக்கு நேரே சொல்லி, ஆனாலும் அவனைத் தோற்கடித்தவனிடம் விலைபோகாமல் நின்றாரே, அதுதான் சென் கோங்! 120 அத்தியாயமா என்று மலைக்காதீர்கள். நாலாவதிலேயே அவர் வந்துவிடுவார். பத்தொன்பதாவதை முடித்ததும் நடுராத்திரியானாலும் என்னைக் கூப்பிடுங்கள், விடிய விடியப் பேச நான் தயார்!