வெட்டாமல் பார்த்த கால்கள்

1943இல் வெளிவந்த ‘ஸ்டார்மி வெதர்’ படத்தின் இறுதிப் பகுதியில் ஒரு பெரிய படிக்கட்டு வருகிறது. ஃபாயர்ட், ஹெரால்ட் என்ற நிக்கலஸ் சகோதரர்கள் அதில் இறங்குகிறார்கள். ஒருவர் தலைக்கு மேலாக மற்றவர் தாவி, கீழ்ப்படியில் கால்கள் முன்னும் பின்னுமாக முழுக்க விரிய விழுகிறார். உடனே முதலாமவர் எழுந்து இவர் தலையைத் தாண்டுகிறார். கடைசிப் படி வரைக்கும் இப்படியே. கேப் கேலோவேயின் இசைக்குழு முழங்க நடந்த அந்த ஆட்டத்தை ஒத்திகை இல்லாமல் ஒரே டேக்கில் முடித்ததாக ஃபாயர்ட் பின்னாளில் சொன்னார். எத்தனை முறை பார்த்தாலும் முழங்கால் கூசுகிறது.

இந்தத் தாவலை நம்ப முடிவதற்குக் காரணம், இருவரும் உச்சி முதல் பாதம் வரை திரையில் தெரிவதுதான்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் ஹாலிவுட்டின் மோகம் வேறாக இருந்தது. ‘42ஆம் தெரு’, ‘ஃபுட்லைட் பரேடு’ (இரண்டும் 1933) படங்களில் நடன அமைப்பாளர் பஸ்பி பெர்க்லி கேமராவைக் கூரைக்கு ஏற்றினார். மேலிருந்து பார்த்தால் பெண்கள் கூட்டம் பூவாக விரிந்து மடங்கும். கண்ணுக்குப் பெருவிருந்துதான். ஆனால் அங்கே ஆடுவது கேமரா. ஒரு பெண்ணின் அடவுகூட மனத்தில் தங்குவதில்லை.

அதை மாற்றியவர் ஃபிரெட் அஸ்டெயர். தன் முழு உடலும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், ஆட்டத்தின் நடுவே முடிந்தவரை வெட்டு விழக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார். அந்த உறுதிக்கு விலை இருந்தது. ‘ஸ்விங் டைம்’ (1936) படத்தின் கடைசி நடனம் 47 டேக் வரை போனது. உடன் ஆடிய ஜிஞ்சர் ராஜர்ஸின் காலணிக்குள் ரத்தம் கசிந்தது. திரையில் தெரிவதோ பிரிய மனமில்லாத இருவரின் தயக்கம் மட்டுமே. ‘ராயல் வெட்டிங்’ (1951) படத்தில் அவர் சுவரிலும் கூரையிலும் ஆடியதும் இதே கொள்கையின் நீட்சிதான். அறை முழுவதையும் ராட்டினம்போல் சுழலவிட்டு, கேமராவை அறையோடு சேர்த்துப் பூட்டினார்கள். தந்திரம் அறையில் இருந்தது, ஆட்டம் அசல்.

ஜீன் கெல்லி கேமராவை மீண்டும் நகரவைத்தார், ஆனால் ஆடுபவனின் பின்னால். 1952இல் வெளிவந்த ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ படத்துக்காகக் கொட்டும் மழையில் குடையைச் சுழற்றி அவர் ஆடிய நாளில் கடும் காய்ச்சல் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்தத் துள்ளலில் காய்ச்சலைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

வெட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. நிக்கலஸ் சகோதரர்கள் கறுப்பர்கள். வெள்ளையர் நடித்த படங்களில் அவர்களுக்குக் கதையில் இடமில்லை. ஒரு நடனம், அத்தோடு சரி. அமெரிக்கத் தென்மாநிலத் திரையரங்குகள் அதைக் கத்தரித்தாலும் கதை அறுபடாது. 1948இல் ‘தி பைரேட்’ படத்தில் கெல்லி அவர்களோடு சேர்ந்து ஆடினார்: மூவரும் ஒரே சட்டகத்தில், ஒரே தாளத்தில். தெற்கின் சில ஊர்களில் அந்த நடனத்தையும் நீக்கிவிட்டுத்தான் படத்தை ஓட்டினார்கள்.