சுமாராக ஆடும் உரிமை

காணும் பொங்கலுக்கு முன்னால் எங்கள் பக்கத்துச் சுவர்களில் ஒட்டப்படும் கிரிக்கெட் போட்டி நோட்டீஸ்களை நின்று வாசிப்பது எனக்குப் பழக்கம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் போகிற எந்தத் தெருவிலும் ஒன்றாவது கண்ணில் படும். மேலே தலைவர்கள் படம். அதற்குக் கீழே முதல் பரிசு எவ்வளவு, வழங்குபவர் யார் என்பது கொட்டை எழுத்தில். பிறகு விதிமுறைகள்: ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் மட்டும், ஆதார் அட்டை கட்டாயம், நுழைவுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், நடுவர் தீர்ப்பே இறுதியானது. பணம் கொடுத்தவர் பெயர், கோப்பை கொடுத்தவர் பெயர், பந்து கொடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கும். ஆடப்போகிறவன் பெயர் மட்டும் இருக்காது.

நம் ஊர் டீம்களுக்கு மிஞ்சும் ஒரே ஆவணம் அநேகமாக இதுதான். ஆஸ்திரேலியாவின் நாட்டுப்புற ஊர்களில் அவர்கள் ஆடும் தனி வகைக் கால்பந்துக்கு கிளப்புகள் உண்டு. கிளப் கட்டடத்துச் சுவரில் தலைவர்கள் பெயரும் ஒவ்வோர் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் பெயரும் தங்க எழுத்தில் வரிசையாக இருக்கும். நூறாண்டு நிறைந்தால் புத்தகம் போடுவார்கள். நம்மிடம் அப்படி ஒரு சுவர் கிடையாது. டீமின் வரலாறு டீக்கடைப் பேச்சில் இருக்கிறது. பேசுகிறவர் துபாய்க்கோ திருப்பூருக்கோ போய்விட்டால் அதுவும் போச்சு.

எழுதப்படாத அந்த வரலாற்றை எழுதும் வேலையைச் சமீப காலத்தில் சினிமா எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு சிற்றூர் டீம் எப்படி உருவாகிறது, யாரைச் சேர்க்கிறது, யாரை வாசலிலேயே நிறுத்துகிறது என்று நம் நாவல்கள் கேட்காத கேள்வியைப் படங்கள் கேட்கின்றன. ஆனால் அந்தப் படங்கள் எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. அந்தப் பதிலோடுதான் எனக்குத் தகராறு.

முதலில் கேள்வியை நன்றாகக் கேட்ட படத்திலிருந்து தொடங்கலாம். தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து' (2024) பேசுவது ரப்பர் பந்து கிரிக்கெட்டை. அன்பு அருமையான ஆட்டக்காரன். ஆனால் தன் சொந்த ஊரின் 'ஜாலி ஃப்ரண்ட்ஸ்' டீமில் அவனுக்கு இடமில்லை. கேப்டன் கருப்பையாவுக்கு அவனைப் பிடிக்கும், சேர்த்துக்கொள்ள ஆசையும் உண்டு. டீமுக்குள் இருக்கும் வெங்கடேஷ் விடமாட்டான். காரணம் சாதி. அதனால் அன்பு ஊர் ஊராகப் போய் மற்ற டீம்களுக்கு கெஸ்ட் பிளேயராக ஆடுகிறான்.

இந்தப் படத்தின் பலம் கிரிக்கெட் காட்சிகளைவிடப் பட்டியல் காட்சிகளில் இருக்கிறது. ஒரு ஊரின் மிக அரசியலான காகிதம், ஆட்டத்துக்கு முன்னால் பதினொரு பெயர் எழுதும் அந்தத் துண்டுச்சீட்டுதான் என்பதை தமிழரசன் புரிந்துவைத்திருக்கிறார். யாரும் யாரையும் அடிப்பதில்லை, பெரிதாகத் திட்டுவதுகூட இல்லை. "இருக்கட்டும்டா, அடுத்த மேட்ச் பாத்துக்கலாம்" என்கிற தொனி போதும். ஒதுக்குதல் பெரும்பாலும் இவ்வளவு சாதுவாகத்தான் நடக்கும். எழுத்தில் எதுவும் இருக்காது, கேட்டால் எல்லோரும் ஃப்ரண்ட்ஸ். டீமின் பெயரே அதுதானே!

எஸ். ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்' அதே ஆண்டு ஜனவரியில் வந்தது. தொண்ணூறுகளின் இறுதி, அரக்கோணம் வட்டாரம். இங்கே ஒரே ஊருக்கு இரண்டு டீம். ரஞ்சித்தின் ப்ளூ ஸ்டார் காலனிப் பையன்களுடையது, ராஜேஷின் ஆல்ஃபா ஊர்ப் பையன்களுடையது. இரண்டும் மோதவே கூடாது என்பது பெரியவர்கள் போட்ட தடை. 'லப்பர் பந்து' டீமுக்குள் இருக்கும் கதவைக் காட்டுகிறது என்றால், 'ப்ளூ ஸ்டார்' ஊருக்கு நடுவில் இருக்கும் சுவரைக் காட்டுகிறது. வசதியான நகரத்து ஆட்டக்காரர்களிடம் இரு தரப்பும் அவமானப்பட்ட பிறகுதான் ஒன்று சேர்கிறார்கள். தங்களுக்கும் மேலே ஒரு படி இருப்பதை ராஜேஷ் கண்டுகொள்கிற இடம் படத்தின் நேர்மையான தருணம்.

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) குத்துச்சண்டைப் படம் என்றாலும் இதே வரிசையில் வருவதுதான். வடசென்னையின் பரம்பரைகள் வேறு பெயரில் இயங்கிய கிளப்புகள். வாத்தியார், சீடர்கள், பழைய வெற்றிகளின் கணக்கு, பரம்பரை மானம் எல்லாம் அங்கே உண்டு. அந்தப் படத்தின் முதல் பெரிய திருப்பமும் ஒரு தேர்வுதான். வேம்புலியோடு மோதப்போவது தணிகாவின் உறவுக்காரன் ராமனா, எங்கிருந்தோ வந்து நிற்கும் கபிலனா? ரங்கன் வாத்தியார் கபிலனைத் தேர்ந்தெடுக்கிறார். அதன் பிறகு படத்தில் வரும் பகை பலவற்றுக்கும் வேர் அங்கேதான்.

மூன்று படங்களும் ஒதுக்கப்பட்டவன் உள்ளே வருவதைப் பற்றியவை. எப்படி வருகிறான்? அசாத்தியமாக ஆடி வருகிறான். அன்பு அந்த வட்டாரத்திலேயே ஆளில்லாத பவுலர். கபிலன் டான்சிங் ரோஸையே வீழ்த்துகிறவன். திறமை கதவை உடைக்கிறது, நாம் கைதட்டுகிறோம். நானும்தான் தட்டினேன், தியேட்டரில் விசிலே அடித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. வெங்கடேஷ் எப்படி டீமுக்குள் வந்தான்? அவன் என்ன டெஸ்ட் எழுதினான்?

ஒன்றும் எழுதவில்லை. பிறந்தான், அந்தத் தெருவில் வளர்ந்தான், சாயங்காலம் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் சுமாராக ஆடினாலும் டீமில் இருப்பான். அன்பு மட்டும் மாவட்டத்திலேயே சிறந்தவனாக இருந்தாக வேண்டும். ஒருவனுக்குப் பிறப்பு போதும், இன்னொருவனுக்கு மேதைமை வேண்டும். படம் முடியும்போது கதவு திறந்ததாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் திறந்தது ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான்.

இது நம் சினிமா கண்டுபிடித்த கதையும் அல்ல, வரலாறே இப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. ராமச்சந்திர குஹாவின் 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்' (2002) பல்வங்கர் பாலுவை நமக்கு மீட்டுக் கொடுத்த புத்தகம். தலித் சமூகத்தில் பிறந்த பாலு, புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்துக்கொண்டே வலைப்பயிற்சியில் பந்து வீசியவர். ஐரோப்பியர்களை ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத்தான் புனா இந்துக்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அதே பந்தைத் தொட்டார்கள். டீ இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் டீ. 1911இல் இங்கிலாந்து போன அகில இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த அவரை இந்து அணியின் கேப்டன் ஆக்கவே இல்லை. தம்பி விட்டல் கேப்டன் ஆனது 1923இல். நாட்டிலேயே தலைசிறந்த பந்துவீச்சாளராக இருந்ததற்குக் கிடைத்த விலை இது. பாலுவில் பாதி அளவு ஆடக்கூடிய இன்னொரு பையன் அதே தெருவில் இருந்திருந்தால் அவனுக்கு மண் குவளைகூடக் கிடைத்திருக்காது.

முன்னால் சொன்ன ஆஸ்திரேலியத் தங்க எழுத்துப் பலகைகளுக்கும் இது பொருந்தும். கம்மராகஞ்சா என்ற பூர்வகுடிகள் குடியிருப்பில் பிறந்த டக் நிக்கோல்ஸ், நாட்டுப்புற கிளப்பில் ஆடிப் பெயரெடுத்து, 1927இல் மெல்போர்னின் கார்ல்டன் கிளப்புக்குப் போனார். அங்கே நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்டுத் திரும்பினார். 1932இல் ஃபிட்ஸ்ராய் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநராகவே ஆனார். பெருமைப்பட வேண்டிய வாழ்க்கைதான். ஆனால் சாதாரணமாக ஆடத் தெரிந்த, ஆளுநர் ஆகாத நிக்கோல்ஸ்கள் எந்தப் பலகையில் இருக்கிறார்கள்?

சி.எல்.ஆர். ஜேம்ஸ் இதை வேறு திசையிலிருந்து பார்த்தவர். 'பியாண்ட் எ பவுண்டரி' (1963) நூலில் அவர் டிரினிடாட் கிளப்புகளை அடுக்கிக் காட்டுகிறார். வசதியான வெள்ளையர்களுக்கு ஒன்று, கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒன்று, மாநிற நடுத்தர வர்க்கத்துக்கு ஒன்று, கறுப்பு கீழ்நடுத்தர வர்க்கத்துக்கு ஒன்று, உழைப்பாளிகளுக்கு ஒன்று. கறுப்பரான ஜேம்ஸ் தன் மக்களின் ஷானனை விட்டுவிட்டு மாநிறத்தவரின் மேப்பிளில் சேர்ந்தார். அந்த முடிவு தன் அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது என்று பிற்பாடு எழுதினார். உள்ளே விடப்படுவது எப்போதும் வெற்றி அல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாரை விட்டுவிட்டு உள்ளே போகிறோம் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

இங்கே நினைவுக்கு வருவது வெங்கட் பிரபுவின் 'சென்னை 600028' (2007). சுமாரான ஆட்டக்காரர்களுக்காகத் தமிழில் எடுக்கப்பட்ட முழுமுதல் கொண்டாட்டம் அது. ஷார்க்ஸ் டீம் கேட்ச் விடுகிறது, சண்டை போடுகிறது, பள்ளிக்கூடப் பொடியன்களிடம் தோற்கிறது. யாரும் அவர்களைத் தகுதி என்ன என்று கேட்பதில்லை. எனக்கு அவ்வளவு பிடித்த படம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறுத்துகிறது. சாதியைப் பேசாத படத்தில் எல்லோரும் சொதப்பலாம். சாதியைப் பேசும் படங்களில் ஒதுக்கப்பட்டவன் ஒரு கேட்சைக்கூட விடக்கூடாது. சொதப்புவதற்கான உரிமையும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடி குழு' (2009) இந்த இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. தோற்பதையே வழக்கமாகக் கொண்ட ஒரு கிராமத்துக் குழு, ஆடத் தெரிந்ததற்காக அல்லாமல் ஆட ஆசைப்படுவதற்காகவே ஒன்றாக இருப்பவர்கள். முதல் பாதியில் அந்தத் தோல்விகளை இயக்குநர் கேலி செய்யாமல் காட்டுவது அழகு. ஆனால் அந்தப் படமும் கடைசியில் மாரிமுத்துவை ஆடுகளத்திலேயே சாகவைத்துத்தான் முடிக்கிறது. ஒன்று மேதையாக இரு, இல்லையென்றால் தியாகியாக இரு. நடுவில் வெறும் ஆளாக இருக்க நம் கதைகளில் இடம் இல்லை.

இதெல்லாம் வெறும் திரைக்கதைப் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். வெறும் ஆளின் இடம் நிஜத்திலும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலுக்கு வந்தது. பின்னாலேயே மனைகள் வந்தன. எங்கள் ஸ்டம்பு நட்ட இடங்களில் கல் நட்டார்கள். கோடையில் வற்றும் ஏரி மட்டும்தான் யாரிடமும் கேட்காமல் ஆடக்கூடிய இடமாக மிஞ்சியது. ஏரிக்குள் ஒரே நேரத்தில் நாலைந்து பிட்ச் ஓடும். ஒன்றில் சேர்க்காவிட்டால் இன்னொன்றில் நின்றுகொள்ளலாம். இடம் நிறைய இருக்கும்போது டீம்களும் நிறைய, டீம்கள் நிறைய இருக்கும்போது பதினோராவது ஆளுக்கும் மவுசு உண்டு. இடம் குறைந்தால் முதலில் கழற்றிவிடப்படுகிறவன் சுமாராக ஆடுகிறவன்தான். அதிலும் கேட்க ஆளில்லாத தெருவைச் சேர்ந்த சுமாரானவன். இப்போது மணிக்கணக்கில் வாடகைக்கு டர்ஃப் வந்துவிட்டது. அங்கே சாதி கேட்பதில்லை, தலைக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் பையனுக்கு இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

'லப்பர் பந்து'வில் யசோதா டிராக்டரை ஓட்டிவந்து ஆடுகளத்தை உழுதுபோடும் காட்சிக்கு அரங்கமே சிரித்தது. கணவன் கெத்துவின் கிரிக்கெட் பைத்தியத்துக்கு ஒரு பெண் சொல்லும் பதில் அது. ஆனால் படம் அறிந்தோ அறியாமலோ ஒரு உண்மையைத் தொட்டுவிடுகிறது. டீம் என்பது தரையின் மேல் நிற்கும் விஷயம். தரை போனால் பட்டியலும் கிடையாது, பட்டியலில் அநியாயம் என்று சண்டை போடுவதற்கும் எதுவும் மிச்சமிருக்காது. அந்தச் சண்டையைப் போடுவதற்காவது டீம் வேண்டுமே.

எனக்கு ஒரு படம் பார்க்க ஆசை. அதில் அன்பு போல ஒருவன் இருக்க வேண்டும், ஆனால் அவனுக்குப் பேட்டிங் வராது, பவுலிங்கும் அப்படி இப்படித்தான். லாங்-ஆனில் நிற்பான், இரண்டு கேட்சில் ஒன்றைத் தவறவிடுவான். சனிக்கிழமை ராத்திரி துண்டுச்சீட்டில் அவன் பெயரை எழுதுவார்கள். எழுதுகிறவன் ஒரு நொடிகூட யோசிக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை டக் அவுட் ஆகி வருவான், "போடா டேய்" என்று நாலு திட்டு விழும், எல்லோருக்கும் வருகிற அதே கிளாஸில் டீ வரும். அடுத்த வாரமும் அவன் பெயர் இருக்கும்.