இருமொழிச் செவ்வியல் திரைப்படங்கள்: ஆர்.கே.பேட்டை எல்லைப்பகுதியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பார்க்கத்தக்க பழைய தமிழ்ப் படங்களைப் பரிந்துரைப்போர், 1950களில் தமிழிலும் தெலுங்கிலும் உடனிகழ்வாக உருவான படங்களுக்கு உரிய இடம் அளிப்பதில்லை. தேவதாஸ் (1953), மிஸ்ஸியம்மா (1955), மாயா பஜார் (1957) ஆகிய மூன்றையும் இரு மொழி வடிவங்களிலும் ஒப்பிட்டுக் காண்பதே அவற்றின் செவ்வியல் தன்மையை உணரும் வழி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இருமொழிப் படங்கள், எல்லைப்பகுதி, சாவித்திரி, மாயா பஜார், மிஸ்ஸியம்மா, தேவதாஸ்

முன்னுரை

பழைய தமிழ்ப் படங்கள் என்றவுடன் பராசக்தி (1952), அந்த நாள் (1954), உதிரிப்பூக்கள் (1979) ஆகியவை முதலில் நினைவுகூரப்படுகின்றன. அவை அத்தகுதிக்கு உரியனவே. எனினும் வசனத்தின் வீச்சு, வடிவச் சோதனை, இலக்கியத் தழுவல் என்பனவற்றையே அளவுகோலாகக் கொள்ளும்போது, இருமொழிப் படங்கள் அவ்வளவுகோலுக்குள் அடங்காமல் போகின்றன. அவை பாடல்களுக்காக நினைக்கப்படுகின்றன. அல்லது தெலுங்குப் படத்தின் தமிழ் வடிவம் என ஒதுக்கப்படுகின்றன. இவ்வொதுக்கல் பொருத்தமானதா என்பதே இங்கு எழும் வினா.

எல்லையும் படப்பிடிப்புத் தளமும்

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர் ஆர்.கே.பேட்டை. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் பகுதி இது. திருத்தணி வட்டாரம் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது அதனுடன் சென்றது. ம.பொ.சிவஞானம் முதலியோர் முன்னின்ற எல்லைப் போராட்டத்திற்கும் பட்டாஸ்கர் பரிந்துரைக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

மேற்குறித்த மூன்று படங்களும் இவ்வெல்லை வழக்கு சூடுபிடித்திருந்த காலத்தவை. ஊர்கள் எந்த மொழிக்கு உரியவை என்று வெளியே வாதிடப்பட்டபோது, சென்னைப் படப்பிடிப்புத் தளங்களில் ஒரே அரங்க அமைப்பில் இரு மொழிகளிலும் காட்சிகள் படமாகின. எல்லைக்கோடு இரண்டாகப் பிரித்ததைத் திரைத்தொழில் ஒன்றாகவே கையாண்டது. ஆகவே இப்படங்களை ஒரு மொழிக்கு மட்டும் உடைமையாக்குவது அவை பிறந்த சூழலுக்கே முரணானதாகும்.

மூன்று வகை இருமொழித் தன்மை

வேதாந்தம் ராகவையா இயக்கிய தேவதாஸில் நாகேஸ்வர ராவ், சாவித்திரி இருவருமே இரு மொழிகளிலும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர். கண்டசாலாவின் குரலும் பொதுவானது. அவரது தமிழ் உச்சரிப்பில் தெலுங்கின் சாயல் தெளிவாகக் கேட்கும். அதனைக் குறையெனக் கொள்வோர் உண்டு. ஆயினும் தன் ஊரிலும் வீட்டிலும் பொருந்தாமல் அலையும் ஒருவனின் துயரத்திற்கு அச்சாயல் இசைவாகவே அமைகிறது.

எல்.வி.பிரசாத்தின் மிஸ்ஸியம்மா வேறு வகை. வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இரு ஆசிரியர்களின் கதை இது. தெலுங்கில் என்.டி.ராமராவ் ஏற்ற நாயகன் வேடத்தைத் தமிழில் ஜெமினி கணேசன் ஏற்றார். துப்பறியும் இளைஞனாகத் தெலுங்கில் நாகேஸ்வர ராவும் தமிழில் தங்கவேலுவும் நடித்தனர். இம்மாற்றம் சிறிதன்று. தெலுங்கில் இரு நாயக நடிகர்களுக்கு இடையே பகிரப்படும் கவனம், தமிழில் நாயகனுக்கும் நகைச்சுவை நடிகருக்கும் இடையே பிரிகிறது. கதை ஒன்றாயிருக்க, அதன் எடை இடம் மாறுகிறது. ஒரு வடிவத்தை மட்டும் காண்பவருக்கு இது புலப்படாது.

கே.வி.ரெட்டியின் மாயா பஜார் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. என்.டி.ராமராவின் கண்ணனும் எஸ்.வி.ரங்காராவின் கடோத்கசனும் பொது. அபிமன்யுவாக நாகேஸ்வர ராவுக்குப் பதிலாக ஜெமினி கணேசனும், லட்சுமணகுமாரனாக ரேலங்கிக்குப் பதிலாகத் தங்கவேலுவும் வந்தனர். விருந்துக் காட்சியில் ரங்காராவின் ஒரே உடல்மொழிக்குத் தெலுங்கில் மாதவப்பெத்தி சத்யமும் தமிழில் திருச்சி லோகநாதனும் குரல் தந்தனர். தெலுங்கு வசனத்தில் பிங்களி நாகேந்திர ராவ் புதுச்சொற்களைப் புனைந்து விளையாடினார். அத்தகைய சொல்விளையாட்டு நேர் மொழிபெயர்ப்புக்கு இடங்கொடாது. எனவே தஞ்சை ராமையாதாஸின் தமிழ் வசனத்தை மறு ஆக்கமாகவே மதிப்பிட வேண்டும்.

மூன்று படங்களையும் இணைப்பவர் சாவித்திரி. வத்சலையின் உருவில் கடோத்கசன் புகுந்திருக்கும் காட்சிகளில், பெண்ணுருவுக்குள் ஓர் அசுரனின் மிடுக்கை நடையாலும் பார்வையாலும் அவர் காட்டுகிறார். இரு மொழியிலும் பொருள் தருவது அவரது உடலே. வசனத்தை முதன்மை அளவுகோலாகக் கொண்ட திறனாய்வு தவறவிடுவது இதனைத்தான்.

எதிர்வாதங்கள்

இருமொழி ஆக்கம் செலவைக் குறைத்து இரு சந்தைகளைப் பிடிக்கும் வணிக உத்தியே என்பர். அது உண்மை. ஆனால் ஆக்கத்தின் நோக்கம் விளைவின் தகுதியை முடிவு செய்வதில்லை. இப்படங்களின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மிஸ்ஸியம்மா சமயம் கடந்த மணம் என்ற வினாவை எழுப்புகிறது. பின்னர், கிறித்தவப் பெண்ணாக வளர்ந்த மேரியை ஜமீன்தாரின் தொலைந்துபோன மகள் மகாலட்சுமி என வெளிப்படுத்தி அவ்வினாவிலிருந்து நழுவுகிறது. இப்பின்வாங்கல் இரு மொழியிலும் ஒன்றே. இரு மொழிப் பார்வையாளருக்கும் பொதுவான ஒரு தயக்கத்தைத் தயாரிப்பாளர்கள் கணித்திருந்தனர் என்று இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

தெலுங்கு மாயா பஜார் 2010இல் வண்ணமேற்றப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. ஒரு மொழி தன் மரபாகப் போற்றுவதை மற்றொரு மொழி நகலென விலக்கினால், இழப்பு விலக்கிய மொழிக்கே. ஆகவே இப்படங்களைத் தனித்தனியே பரிந்துரைப்பதைவிட இணைகளாகப் பரிந்துரைப்பதே தகும். முதலில் மிஸ்ஸியம்மாவின் இரு வடிவங்களையும், அடுத்து மாயா பஜாரையும், நிறைவாகத் தேவதாஸையும் காணலாம். வேறுபாடு மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கிச் செல்லும் இவ்வரிசை ஒப்பீட்டுப் பயிற்சிக்கு ஏற்றது. ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களிலிருந்து வரும் இருமொழி மாணவர்கள் இத்தகைய வகுப்பில் தம் வீட்டுமொழியை மறைக்க வேண்டியதில்லை. பிறர் கேட்க இயலாத வேறுபாடுகளை அவர்களே வகுப்பிற்கு எடுத்துச் சொல்ல இயலும்.