ஒரே கட்டுரைக்கு இரு தலைப்பு

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன் தரவுத்தளத்தில், கட்டுரை ஒவ்வொன்றுக்கும் பொருள் தலைப்புகள் இடப்படுகின்றன. நெடுங்காலம் இதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற சுட்டியாளர்கள். 1960 முதல் 'மெஷ்' என்ற வரையறுத்த சொற்பட்டியலும் அவர்களுக்கு உண்டு. அப்படியிருந்தும் ஒரே கட்டுரைக்கு இருவர் ஒரே தலைப்புகளைத் தரவில்லை. ஃபங்க், ரீட் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. தவறுதலாக இருமுறை சுட்டியிடப்பட்டிருந்த 760 கட்டுரைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். தம் வேலை சோதிக்கப்படும் என்று சுட்டியாளர் எவருக்கும் தெரியாததால், அன்றாட வேலையின் தரமே அதில் பதிவாகியிருந்தது. முதன்மைத் தலைப்புகளில் ஒற்றுமை 48.2 சதவீதம், கட்டுரையின் மையக் கருத்தைக் குறிப்பவற்றில் 61.1, தலைப்பும் துணைத்தலைப்பும் சேர்ந்த இணைகளில் 33.8.

பாதிகூட ஒத்துப்போகவில்லையே என்று பதறுவதற்கு முன் அளவுகோலைப் பார்க்க வேண்டும். ஹூப்பர் வகுத்த அந்த அளவு, இருவருக்கும் பொதுவான தலைப்புகளை இருவரும் இட்ட மொத்தத் தனித் தலைப்புகளால் வகுக்கிறது. ஆளுக்குப் பத்துத் தலைப்பு இட்டு ஆறில் ஒத்துப்போனாலும் கிடைப்பது பதினான்கில் ஆறு, அதாவது 43 சதவீதம்தான். ஒருவர் 'இதய நோய்கள்' என்றும் மற்றவர் அதன் கீழ்வரும் 'மாரடைப்பு' என்றும் குறித்தால் இந்த அளவு அதை முழு வேற்றுமையாகவே எண்ணும். ஆனால் உட்பிரிவுகளையும் சேர்த்து 'இதய நோய்கள்' என்று தேடுபவருக்கு இரண்டுமே கிடைக்கும்.

ஒற்றுமையைத் தரத்தின் அடையாளமாகக் கொள்வதையே ஆய்வாளர் கூப்பர் 1969இல் மறுத்தார். சுட்டியாளர்கள் தமக்குள் ஒத்துப்போவதைவிட, தேடுபவரின் எண்ணத்தோடு ஒத்துப்போவதே முக்கியம் என்பது அவர் வாதம். அதை ஏற்கிறேன், இருவரும் சேர்ந்தே தவறலாம். ஆயினும் 33.8 என்ற எண்ணை அந்த வாதத்தால் தள்ளிவிட முடியாது. ஒரு மருந்தின் பக்கவிளைவுகளைத் தேடும் மருத்துவர், மருந்தின் பெயரோடு 'பக்கவிளைவுகள்' என்ற துணைத்தலைப்பையும் இணைத்துத் தேடுவார். அந்த இணை விடுபட்ட கட்டுரை அவர் கண்ணில் படாது. எதை இழந்தார் என்று அவருக்குத் தெரியவும் வழியில்லை. நோயாளியின் உயிரோடு தொடர்புடைய தேடலில் இது சிறு குறையல்ல.

இயந்திரத்திடம் விட்டால் தீருமே என்பார்கள். 2022 முதல் மெட்லைனில் தானியங்கி முறையே தலைப்பிடுகிறது. தேவைப்படும் இடங்களில் மனிதர் சரிபார்க்கிறார்கள். ஒரே நிரலுக்கு ஒரே கட்டுரையை இருமுறை கொடுத்தால் விடை மாறாதுதான். ஆனால் அது ஒருவகைக் கட்டுரையைத் தவறாகப் புரிந்துகொண்டால், அதே பிழை அவ்வகைக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் படியும். முரண்படும் இரண்டாம் கருத்து இல்லாததால் யாருக்கும் சந்தேகம் எழாது. எனவே ஒரு பகுதிக் கட்டுரைகளையாவது நிரலின் விடையைக் காட்டாமல் இரு சுட்டியாளர்களிடம் தனித்தனியே தந்து, மையக் கருத்துகளையும் துணைத்தலைப்பு இணைகளையும் ஒப்பிட வேண்டும். ஓரத்துத் தலைப்புகள் வேறுபட்டால் வேறுபடட்டும்.