கர்ணத்தின் மகன் கர்ணம்

ஒரு மனிதனுக்குச் சமூகத்தில் வாய்க்கும் அந்தஸ்து பிறப்பினால் வந்து சேர்வதா, அல்லது அவன் தன் முயற்சியினால் ஈட்டிக்கொள்வதா என்று இரு கூறாகப் பிரித்துப் பெயரிட்டவர் ரால்ஃப் லிண்டன் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர். 1936ல் வெளிவந்த அவருடைய நூலின் வழியாகவே இந்தப் பாகுபாடு சமூகவியல் பாடங்களில் நிலைபெற்றது. பாகுபாடு தெளிவானதுதான், ஆனால் நம் கிராமச் சாவடியில் அடங்கல் என்னும் சாகுபடிக் கணக்கை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கர்ணத்தை, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளையை, இவ்விரண்டில் எந்தக் கூறில் சேர்ப்பது என்று கேட்டால், விடை அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

கர்ணம், மணியம், தலையாரி, வெட்டி ஆகிய கிராம உத்தியோகங்கள் குடும்பச் சொத்தைப் போலவே தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தன. சென்னை ராஜதானியில் 1895ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் அந்த வழக்கத்துக்குச் சர்க்கார் முத்திரையும் குத்தியது. முக்கியமான உத்தியோகங்களில் மூத்தவன் வழியே வாரிசுரிமை சென்றது. வாரிசு சிறு பிள்ளையாக இருந்தால் அவன் பெயரைப் பதிவு செய்துகொண்டு, அவன் வயதுக்கு வந்து தகுதி பெறும்வரை வேறொருவரைக் கொண்டு வேலையை நடத்தலாம் என்றும் அச்சட்டம் விதித்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை ஓர் ஊரின் நிலக்கணக்குக்கு உரியவனாகப் பதிவேட்டில் இருக்க முடிந்தது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சட்டம் எழுதியவர்களின் முன்யோசனையைப் பற்றி ஒருவித வியப்பும் வருகிறது.

எனினும் அந்தக் குழந்தை வளரும் விதத்தைக் கவனிக்காமல் இந்த ஏற்பாட்டைப் பரிகசித்துவிடுவது நியாயமாகாது. தகப்பன் வரப்பில் நடக்கும்போது பின்னால் நடந்து, எந்த மடையிலிருந்து எந்த வயலுக்கு நீர் பாய்கிறது, எந்தப் புஞ்சையின் எல்லைக்கல் எந்த வெள்ளத்தில் பெயர்ந்தது, எந்த அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தும் பத்திரம் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டுக்கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டு, முன்னாளில் மா, காணி, முந்திரி என்ற பின்ன வாய்பாட்டையும் பிற்காலத்தில் ஏக்கர், செண்டையும் நாவில் பழக்கிக்கொண்டு, ஜமாபந்தி நாளில் தாசில்தார் முன் கணக்கு ஒப்புவிக்கும் தகப்பனின் முதுகுக்குப் பின்னால் கட்டுகளை எடுத்துக் கொடுத்து நின்ற பையன், இருபது வயதுக்குள் அடைந்திருந்த தேர்ச்சியை எந்தப் பயிற்சிப் பள்ளியும் எளிதில் தந்துவிட முடியாது. ஸ்தானம் பிறப்பினால் வந்தது. அதை வகிக்கும் யோக்கியதையோ உழைப்பினால் வந்தது. லிண்டனின் இரு கூறுகளும் அந்த ஒரே மனிதனிடத்தில் கலந்து கிடந்தன. இந்த வழக்கத்தின் உண்மையான பலம் இதுவே. இதை ஒப்புக்கொள்ளாமல் அதன் குறைகளைப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் அதே ஞானம்தான் அதன் விஷமுமாயிற்று. ஊரின் கணக்கு ஒரு வீட்டின் பெட்டிக்குள் இருந்தது. எழுத்தறியாத குடியானவன் தன் நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த வீட்டுத் திண்ணைக்குத்தான் போகவேண்டியிருந்தது. உழுது பயிரிடும் குத்தகைதாரனின் பெயர் அடங்கலில் ஏறுவதும் ஏறாமல் போவதும் பேனா பிடித்தவரின் மனத்தையும், அவர் மனத்தை அறிந்த மிராசுதாரின் தயவையும் பொறுத்திருந்தது. குத்தகைச் சாகுபடிக்காரர்களின் உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே தமிழ்நாட்டில் 1969ல் ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்து, அதுவரை அந்தப் பெயர்கள் கணக்கில் எவ்வளவு அரிதாக ஏறியிருந்தன என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய குறையை மேலிருந்து பார்த்தால் காணமுடியாது. கர்ணத்தின் மகனுக்குப் பரம்பரை ஒரு பாத்தியதை. வெட்டியான் மகனுக்கு அதே பரம்பரை ஒரு தளை. பிணத்தையும் செத்த மாட்டையும் அப்புறப்படுத்துவதும், அதிகாரி முகாமிட்டால் வேளை அவேளை பாராமல் ஓடுவதும், அதற்குக் களத்தில் அளந்துபோடும் சிறிது தானியத்தைப் பெற்றுக்கொள்வதும் அவனுக்கு வாரிசுரிமையாக வந்தவை. பம்பாய் ராஜதானியில் மகர் சாதியினருடைய வதன் என்னும் இத்தகைய பரம்பரை ஊழியத்தை எதிர்த்து, 1928ல் சட்டசபையில் திருத்த மசோதா கொண்டுவந்த அம்பேத்கர் அடிமைத்தனமாகக் கண்டதும் இதைத்தான். கர்ணத்தின் அனுபவ ஞானத்தைப் போற்றுகிறவர்கள் பெரும்பாலும் அவருக்குப் பின்னால் கணக்குக் கட்டைச் சுமந்து நடந்தவனைப் பற்றிப் பேசுவதில்லை. நான் படித்த கிராமநினைவுக் கட்டுரைகள் பலவற்றிலும் அவன் பெயரில்லாமலேயே வந்து போகிறான்.

1960ஆம் ஆண்டின் இறுதியில், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில், 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(1)ஆவது பிரிவு வம்சத்தைக் காரணமாகக் கொண்டு குடிகளிடையே பேதம் செய்கிறது என்று கூறி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேரக் கிராம உத்தியோகங்கள் ஒரே வீச்சில் ஒழிக்கப்பட்டன. அதனை எதிர்த்த வழக்கிலும் 1982ல் சர்க்காரின் பக்கமே தீர்ப்பாயிற்று. அந்த இடத்தில் தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அமர்ந்தார்.

தேர்வுக்கும் பிறப்பு முற்றிலும் அந்நியமன்று. பட்டணத்துப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிப் படிக்கும் பையனும், களையெடுத்துவிட்டு வந்து இரவு விளக்கடியில் படிக்கும் பெண்ணும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் அந்தப் பெண்ணின் விடைத்தாளை இன்ன வீட்டுப் பெண் என்று சொல்லி ஒதுக்க எவருக்கும் சட்டத்தில் இடமில்லை. வெட்டியான் வீட்டுப் பிள்ளை தன் தகப்பன் கட்டுச் சுமந்த அதே சாவடியில் கையெழுத்திடும் அலுவலராக உட்காரலாம். இந்த ஒன்றின் பொருட்டு, இடமாற்றத்தில் வந்து மூன்றாண்டில் போய்விடுகிற அலுவலருக்கு எந்த மடை எந்த வயலுக்கு என்று தெரியாமல் போவதை நான் பொறுத்துக்கொள்ளத் தயார். எனக்குள்ள மனக்குறை வேறு. கர்ணங்களிடமிருந்து கணக்குப் புத்தகங்களைப் பெற்றுக்கொண்டது போலவே, எழுதப்படாமல் அவர்கள் நெஞ்சிலிருந்த வாய்க்கால்களையும் எல்லைக்கற்களையும் ஒருமுறை உடன்நடந்து குறித்துக்கொள்ளவும் சட்டத்தில் ஒரு விதி எழுதியிருக்க வேண்டும்.