சரக்கில்லாத கப்பல்

இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் லஸ்கர்களாகக் கப்பல்களில் கரி அள்ளிப்போட்டும் கயிறு இழுத்தும் பிழைத்த காலத்தில், அதிகாரி பதவி அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1922இல் தஞ்சைச் சீமைக்காரரான சர் பி. எஸ். சிவசாமி ஐயர் மத்திய சட்டசபையில் இதைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பேரில் ஒரு குழு அமைந்தது. 1927இல் பம்பாய்த் துறைமுகத்தில் 'டஃப்ரின்' பயிற்சிக் கப்பல் தொடங்கியது. 1904இல் கட்டிய பழைய துருப்புக் கப்பல் அது. மஸகான் பக்கம் கட்டிப்போட்டு, அதற்குள்ளேயே பையன்களைத் தங்கவைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார்கள். 1972இல் அந்த இடத்துக்கு 'ராஜேந்திரா' வந்தது. 1993இல் பயிற்சி முழுவதும் கரையேறி, நவி மும்பையில் 'டி.எஸ். சாணக்யா' என்ற கல்லூரியானது. அந்த 'டிரெயினிங் ஷிப்' என்ற அடைமொழி மட்டும் இன்னும் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டஃப்ரினை நினைத்து உருகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அது ஓடாத கப்பல். அதில் ஒழுங்கு கற்கலாம், கப்பல் வாழ்க்கைக்குப் பழகலாம், ஆழ்கடலைக் கற்க முடியாது. ஆகவே அதை மூடியதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அதற்குப் பதிலாக ஓடுகிற பயிற்சிக் கப்பல் ஒன்றை நாம் ஏற்படுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் குறை. இன்று டி.என்.எஸ். என்ற கப்பலோட்டும் டிப்ளமா படிக்கிற பையனுக்கு ஓராண்டு கரையில் வகுப்பு, பிறகு ஏதோ ஒரு கம்பெனியின் சரக்குக் கப்பலில் 18 மாதம். எஞ்சின் பக்கம் போகிறவர்களுக்குக் கல்லூரி வளாகத்திலேயே எஞ்சின் அறையை நிறுவி 'ஷிப்-இன்-கேம்பஸ்' என்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தத் தரை ஆடாது.

ஜப்பானும் அமெரிக்காவும் வேறு வழியில் போகின்றன. ஜப்பானில் அரசு சார்ந்த அமைப்பு ஒன்று பயிற்சிக் கப்பல்களை நடத்துகிறது. அவற்றில் 'நிப்பான் மாரு', 'கைவோ மாரு' இரண்டும் நான்கு பாய்மரத் தண்டுகளில் 36 பாய் விரிக்கிற கப்பல்கள். அமெரிக்காவில் மாநிலக் கடல்சார் கல்லூரிகள் தங்களுக்கென்று கப்பல் வைத்துக்கொண்டு கோடையில் மாணவர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன.

இப்படிப்பட்ட கப்பலின் பலம் எது என்று பார்க்க அந்தி நேரத்தில் பிரிட்ஜ் பக்கம் போக வேண்டும். சூரியன் மறைந்தபின் நட்சத்திரமும் தெரிந்து, தொடுவானக் கோடும் அழியாமல் இருக்கிற நேரம் அரை மணிகூடத் தேறாது. அதற்குள் நான்கைந்து நட்சத்திரங்களைச் செக்ஸ்டன்டில் பிடித்து, உயரக் கோணத்தை அளந்து, நொடி பிசகாமல் நேரத்தைக் குறிக்க வேண்டும். நான்கு நொடி தவறினால் நிலநடுக்கோட்டருகே கப்பலின் இடம் ஒரு கடல்மைல் தள்ளிப்போய்விடும். பயிற்சிக் கப்பலில் இருபது பேர் வரிசையாக நின்று ஒரே நட்சத்திரத்தைப் பிடிக்கிறார்கள். பிறகு இருபது விடைகளையும் ஒரே சார்ட்டில் போட்டுப் பார்க்கிறார்கள். பத்துப் பேர் ஓரிடத்தில் கூடியிருப்பார்கள், சிலர் சற்று விலகியிருப்பார்கள், ஒருவன் கப்பலைக் கொண்டுபோய் மலை உச்சியில் நிறுத்தியிருப்பான். எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். பிறகு தன் கணக்கில் எந்த வரியில் பிசகியது என்று உட்கார்ந்து தேடுவான். சரக்குக் கப்பலில் இதற்கு இடமில்லை. அங்கே ஜி.பி.எஸ். இருக்கிறது, தனியாக ஒரு கேடட் இருக்கிறான், தப்பைத் தப்பென்று காட்ட யாருக்கும் நேரமில்லை. ஜி.பி.எஸ். இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். கருங்கடலிலும் செங்கடலிலும் வளைகுடாப் பக்கமும் அந்தச் சிக்னலைக் கெடுப்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்தலாம்.

தப்புச் செய்ய இடம் கொடுப்பதுதான் இதன் முதல் பலம். இரண்டாவது, உடம்பைப் பழக்குவது. ஜப்பானியப் பயிற்சிக் கப்பல்களில் பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையால் தளத்தைத் தேய்க்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. காலையில் வரிசையாகக் குந்தி, ஒரே குரலில் சத்தம் கொடுத்துக்கொண்டு தேக்குப் பலகையைத் தேய்ப்பார்கள். நம் ஊரில் பாத்திரம் துலக்குகிற நாருக்கு அங்கே இவ்வளவு மரியாதை! வெளியிலிருந்து பார்த்தால் பழமைவாதம். ஆனால் ஆடுகிற தளத்தில் கால் ஊன்றக் கற்பதும், பக்கத்தில் இருப்பவனின் வேகத்துக்கு ஒத்துப்போவதும் வகுப்பறையில் வருவதில்லை. இந்தக் கப்பல்களுக்கு ஒரு சோகப் பின்னணியும் உண்டு. 1927இல் ககோஷிமா வணிகக் கப்பல் பள்ளியின் 'கிரிஷிமா மாரு' 53 பேரோடு மூழ்கியது. சிறிய பள்ளிக் கப்பல்கள் போதாது என்ற குரல் எழுந்து, 1930இல் முதல் நிப்பான் மாருவும் கைவோ மாருவும் கட்டப்பட்டன.

இனிக் குறைகள். அமெரிக்கக் கல்லூரிகளுக்காக 2023 முதல் வரத் தொடங்கிய புதிய பயிற்சிக் கப்பல்களில் 600 கேடட்கள் தங்கலாம். பயிற்சிக்கென்றே தனி பிரிட்ஜ், வகுப்பறைகள், ஆய்வுக்கூடங்கள் எல்லாம் உண்டு. புயல் அடித்து ஊர் அழிந்தால் ஆயிரம் பேரைத் தங்கவைக்கவும் உதவும். ஒன்றின் விலை ஏறத்தாழ 30 கோடி டாலர். ஆனால் சுக்கான் எத்தனை? பிரிட்ஜ் இரண்டானாலும் கப்பல் ஒன்றுதானே. 600 பேர் முறை வைத்து நின்றால் ஒருவன் கையில் சுக்கான் வருகிற மணிநேரம் சொற்பம். மீதி நேரம் வேடிக்கை பார்ப்பது, துருவைச் சுரண்டுவது, சமையலறையில் தட்டு கழுவுவது. அறுபதுகளில் கட்டிய நீராவிக் கப்பலில் பல தலைமுறை மாணவர்கள் எஞ்சின் கற்ற கதையும் அங்கே உண்டு. அவர்கள் பிறகு வேலைக்குப் போனது டீசல் கப்பல்களுக்கு.

இதைவிடப் பெரிய குறை, இந்தக் கப்பலில் சரக்கு இல்லை. வணிகக் கப்பலின் பிழைப்பே சரக்கில்தான் இருக்கிறது. நிலக்கரி இறக்கிய கிடங்கை அடுத்த துறைமுகத்துக்குள் தானியம் ஏற்றுகிற அளவுக்குக் கழுவுவது, மழை வந்தால் ஹேட்ச் மூடுவதா என்று ஸ்டீவடோரோடு மல்லுக்கட்டுவது, தூக்கமில்லாத கண்களோடு துறைமுகம் உள்ள நாட்டு அரசின் இன்ஸ்பெக்டருக்குக் காகிதம் எடுத்துக்கொடுப்பது, நாலு நாட்டுக்காரர்களோடு அரைகுறை ஆங்கிலத்தில் வேலை வாங்குவது. பயிற்சிக் கப்பலில் எல்லாரும் ஒரே நாடு, ஒரே வயது, துறைமுகத்தில் வரவேற்பு வேறு. அங்கிருந்து நேராக வேலைக்குப் போகிறவன் முதல் மாதத்தில் திணறித்தான் போவான்.

அப்படியானால் சரக்குக் கப்பலே போதுமே? அதற்கும் அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது. கிங்ஸ் பாயிண்டில் உள்ள கூட்டரசின் வணிகக் கடற்படைக் கல்லூரி தன் மாணவர்களை வணிகக் கப்பல்களுக்கு ஓரிருவராக அனுப்புகிறது. 'சீ இயர்' என்று பெயர். பாலியல் தொல்லைப் புகார்களால் 2016இல் அதை நிறுத்த வேண்டியிருந்தது. 2021இல், கப்பலில் தான் வன்புணர்வுக்கு ஆளானதாக ஒரு மாணவி பெயர் சொல்லாமல் எழுதியபின் மறுபடியும் நிறுத்தினார்கள். இருபது பேர் உள்ள கப்பலில் பத்தொன்பது வயதுப் பிள்ளை தனியாக அகப்பட்டுக்கொண்டால், யாரிடம் போய்ச் சொல்லும்? அந்தப் பிள்ளையின் பயிற்சி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியவனே தொல்லை கொடுக்கிறவனாக இருந்துவிட்டால்? பயிற்சிக் கப்பலில் சீனியர் அதட்டல் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் கூடவே நூறு சகாக்களும், ஆசிரியர் என்ற பொறுப்போடு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

நம் கேடட்டின் நிலை இன்னும் மோசம். கல்லூரி முடித்த கையோடு கப்பல் கிடைத்துவிடாது. ஸ்பான்சர்ஷிப் உள்ளவனுக்குக் கவலையில்லை. இல்லாதவன் சி.டி.சி. என்ற கடலோடிச் சான்றுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மும்பையில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறான். இந்த இடைவெளியில்தான் லைசென்ஸ் இல்லாத ஏஜென்டுகள் பணம் பறிக்கிறார்கள். பயிற்சிக் கப்பல் வைக்காததால் மிச்சமான செலவு அரசுக்கு. அதன் சுமை, நிலத்தை அடகு வைத்து மகனைப் படிக்கவைத்த குடும்பத்துக்கு.

சரக்கும் ஏற்றி மாணவர்களையும் ஏற்றினால் என்ன என்ற யோசனை புதிதல்ல. ஜெர்மனியின் பாய்மரக் கப்பலான 'பாமிர்' அப்படித்தான் ஓடியது. 1957 செப்டம்பரில் அர்ஜென்டினாவிலிருந்து பார்லி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அட்லாண்டிக் சூறாவளியில் சிக்கியது. மூட்டையாகக் கட்டாமல் பெரும்பகுதியை அப்படியே கொட்டியிருந்த தானியம் ஒரு பக்கம் சரிய, கப்பல் சாய்ந்து மூழ்கியது. 86 பேரில் பிழைத்தவர்கள் ஆறு பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கேடட்கள். பயிற்சிக் கப்பலைச் சம்பாதிக்கவைக்க முயன்றால் எங்கே கைவைப்பார்கள் என்பதற்கு இது கொடூரமான சாட்சி.

ஆனால் தவறு அந்த யோசனையில் இல்லை. பழைய பாய்மரக் கப்பலில் அதைச் செய்ததிலும், சரக்கை அடுக்கிய விதத்திலும் இருந்தது. 'நியூசிலாந்து ஷிப்பிங் கம்பெனி' 1958இல் 'ஒட்டாயோ' என்ற மோட்டார் கப்பலைக் கட்டியது. வழக்கமான சரக்கு, வழக்கமான பாதை. கூடவே தளத்துக்கும் எஞ்சினுக்குமாக எழுபது பேர் அளவில் கேடட்கள், அவர்களுக்கென்றே பயிற்சி அதிகாரிகள். முறைக்குக் காத்திருக்கிற கூட்டமும் இல்லை, தனித்துவிடப்பட்ட ஒற்றைப் பையனும் இல்லை.

நம் நாட்டில், லாபத்துக்குப் பதில் கப்பலின் டன்னேஜை வைத்து வரி கணக்கிடுகிற டன்னேஜ் வரிச் சலுகை 2004இல் வந்தபோதே, அதைப் பெறுகிற கம்பெனிகள் குறைந்தபட்சம் இத்தனை பேருக்குப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டத்தில் எழுதியாகிவிட்டது. இத்தனை பேர் என்று மட்டும் எண்ணாமல், ஒரு கப்பலில் சேர்ந்தாற்போல எட்டுப் பத்துப் பேர், அவர்களுக்கென்று வாட்ச் சுமக்காத ஓர் அதிகாரி, பாடம் நடத்த ஓர் அறை என்று அதே விதியைத் திருத்தலாம். இருக்கிற கப்பல்களில் உபரி கேபின் கிடைப்பது கஷ்டம், புதிதாகக் கட்டுகிற கப்பலின் வரைபடத்தில் ஒரு தளம் கூட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. கப்பல் கட்டுவதற்கு மானியம் தருகிற அரசு அந்த ஒரு தளத்தை நிபந்தனையாக வைக்கலாம்.