விளியும் குணமும்: பாத்திரப் பண்பைக் கற்பித்தலில் ஒரு சிக்கல்

கதைமாந்தரின் பண்பை மாணவர் இனங்காணக் கற்பித்தல், தமிழ்ப் பாடத்தில் பெரும்பாலும் பண்புப்பெயர் தேடலாகவே முடிந்துவிடுகிறது. இரக்கம், துணிவு, நேர்மை ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்து, நிகழ்ச்சி ஒன்றைச் சான்று காட்டினால் விடை நிறைவுறும். மாந்தர் என்ன செய்தனர் என்பது இதில் அகப்படும். எவ்வாறு பேசினர் என்பது அகப்படாது. தமிழிலோ பண்பின் பெரும்பகுதி இடப்பெயரிலும் வினைமுற்று விகுதியிலும் விளியிலும் பொதிந்துள்ளது.

1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இதற்குத் தக்க சான்று. சித்த மருத்துவ இதழ் நடத்தும் பிள்ளை, கடவுளை 'ஓய்' என விளித்து, 'நீர்' என்று பேசுகிறார். பக்தி இலக்கியம் இறைவனைப் பெரிதும் 'நீ' என்றே நெருங்கியது. புதியவரிடம் காட்டும் நாகரிகம் 'நீங்கள்' என்பதை வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 'நீர்', கணக்குப் பார்த்துப் பேசும் ஒத்த நிலையினர் ஒருவராகக் கடவுளை ஆக்கிவிடுகிறது. அவரிடமே இதழுக்குச் சந்தா கேட்கும் துணிவு இந்த இடப்பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. வீட்டில் அவரைப் பெரியப்பாவாக அறிமுகப்படுத்துகிறார். மகளுக்கு அவர் தாத்தா. பொய்யிலும் உறவுமுறை பிசகவில்லை! பிள்ளையின் சாமர்த்தியத்திற்குப் பெயரிடுவதைச் சற்றுப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

தில்லியில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 1923இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று மந்திர் மார்க்கில் உள்ளது. தலைநகரில் வளரும் தமிழ் மாணவர் பலர் வீட்டில் கேட்கும் முன்னிலை வடிவங்கள் 'நீ', 'நீங்கள்' ஆகிய இரண்டே. திருநெல்வேலி, யாழ்ப்பாண வழக்குகளில் வாழும் 'நீர்' அவர்களுக்கு ஏட்டுச்சொல். அல்லது வெறும் தண்ணீர். எனினும் 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் இந்தி முன்னிலை மூன்றையும் தெருவிலும் கடையிலும் இடமறிந்து கையாள்பவர்கள் அவர்கள். ஆங்கிலவழி வந்த பண்புப் பட்டியலைவிட இவ்வறிவு நல்ல தொடக்கமாகும்.

பிள்ளை கடவுளைத் 'தும்' என்பாரா, 'ஆப்' என்பாரா என்று வகுப்பில் வினவலாம். விடை எளிதன்று. 'தும்' இளையவரிடமும் இயல்பாகச் செல்வது. 'நீர்' என்பதன் முறைப்பு அதில் இல்லை. 'ஆப்' எனின் மரியாதை மிகுந்து எள்ளல் தளர்கிறது. மொழிபெயர்ப்பாளரின் இக்கட்டும் இதுவே. ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ'வில் எதுவும் எஞ்சாமையால், இழந்ததை விளியிலோ வாக்கியத்தின் வெடுக்கிலோ அவர் ஈடுசெய்ய வேண்டியுள்ளது. உரையாடலின் ஒரு பகுதியை எடுத்து, 'நீர்' வருமிடமெல்லாம் 'நீங்கள்' என மாற்றி எழுதச் செய்து, பிள்ளை எவ்வாறு வேறொருவராகிறார் என்று கேட்பதே மாணவர்க்குரிய பயிற்சி. இப்போதைய வினாத்தாள் அமைப்பில் இதற்கு எத்தனை மதிப்பெண் என்பது தனிச் சிக்கல்.